லெட்சுமி அக்காவின் ஆள்காட்டி விரல்

1

போன வாரம் ஒரு நாள் என் கைப்பேசியைத் திறந்தால் விரல் விரலாக வந்து விழுந்தது. ஊரில் அன்று ஓட்டுப் போடும் நாள். மயிலாடுதுறையில் என்னோடு பள்ளியில் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, மை வைத்த ஆள்காட்டி விரலைப் படம் பிடித்துப் போட்டாள். அவ்வளவுதான், மதியத்துக்குள் குழு நிரம்பிவிட்டது. தோசை மாவு ஒட்டிய விரல், புது மோதிரத்தைக் காட்டுவதற்காகவே நீட்டிய விரல், நகத்தை ஒட்ட ஒட்டக் கடித்த விரல். அந்தக் கடைசி விரல் யாருடையது என்று பெயரைப் பார்க்காமலே எல்லோரும் கண்டுபிடித்துவிட்டோம். ஒன்பதாம் வகுப்பில் பிடித்த பழக்கம், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயதிலும் அவளை விடவில்லை.

கடைசியாகச் சுமதி கேட்டாள்: "ஏய் மலேசியாக்காரி, எல்லார் விரலும் வந்தாச்சு. உன் விரல் எங்கடி?"

என் விரலின் கதை கொஞ்சம் சிக்கல். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் ஊரில் ஓட்டுப் போடலாம், ஆனால் நேரில் போய் நின்றுதான் போட வேண்டும். ஒரு பொத்தானை அழுத்த விமான டிக்கெட்டா என்று ஒவ்வொரு முறையும் விட்டுவிடுகிறேன். இங்கேயோ நான் சிவப்பு ஐசிக்காரி. ஐசி என்றால் அடையாள அட்டை. நீல நிறம் குடிமக்களுக்கு. சிவப்பு என்றால் நிரந்தரமாகத் தங்கலாம், வேலை பார்க்கலாம், வரி கட்டலாம், ஓட்டு மட்டும் கிடையாது. ஆக, இரண்டு நாட்டுக்கும் நடுவில் என் விரல் பளிச்சென்று சுத்தமாக இருக்கிறது.

அதற்காகத் தேர்தல் வந்தால் நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சென்ற தடவை இங்கே தேர்தல் வந்தபோது நான் பட்ட பாடு ஓட்டு இருப்பவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள். சுமதிக்கு அதைக் குழுவில் எழுத முடியாது, கட்டைவிரல் வலிக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது கிள்ளானில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். கணவர் இங்கேயே பிறந்தவர், துறைமுகத்தில் வேலை. நான் தினமும் கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போகிறேன், அங்கே ஒரு சேலைக் கடையில் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மயிலாடுதுறையில் சேலை வாங்கியதோடு சரி, விற்பேன் என்று நினைத்ததே இல்லை. இப்போது தூரத்தில் இருந்தே இது மயில் கழுத்து, இது ராமர் பச்சை என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஸ்டெல்லா டீச்சர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஓய்வெடுக்க வேண்டியதுதானே? மாட்டார். ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்து அதில் எங்களையும் இழுத்துவிடுவார். தேர்தல் அறிவிப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒரு மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் போட்டார். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுவாரமே எனக்கு ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது.

இங்கே இப்போது பதினெட்டு வயதானால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஏறிய விஷயம் ஏறியவருக்கே தெரியாது. ஐசியில் எந்த முகவரி இருக்கிறதோ அந்த ஊரில்தான் ஓட்டு. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருடைய ஐசியில் இன்னும் பழைய தோட்டத்து முகவரி, மாமியார் வீட்டு முகவரி, இடித்துத் தள்ளிய கம்பத்து, அதாவது கிராமத்து, முகவரி. டீச்சரின் வேலை, ஐசி எண்ணைத் தட்டிப் பார்த்து உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது என்று சொல்வது. முகவரியை மாற்ற வேண்டியவர்களைத் தேர்தல் அறிவிக்கும் முன்பே மாற்ற வைப்பது. ஓட்டு நாளில் காலில்லாதவருக்குக் காலாகவும் காடி இல்லாதவருக்குக் காடியாகவும் ஆள் ஏற்பாடு செய்வது. காடி என்றால் இங்கே கார்.

மேசைக்கு ஒரே ஒரு சட்டம். யார் கட்சிப் பேச்சை எடுத்தாலும் அன்றைக்கு மேசையை இரண்டாம் மாடி வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் சேகர் அங்கிள் மூன்று ஞாயிறு தொடர்ந்து தூக்கினார்.

அதே சேகர் அங்கிள்தான் முதல் நாள் மார்பைத் தட்டிக்கொண்டு சொன்னார், "டீச்சர், நான் பதியவே இல்ல. என்னை விட்டுடுங்க லா."

"அங்கிள், உங்களைக் கேக்காமலே பதிஞ்சிட்டாங்க. இந்தா பாருங்க, உங்க பேரு, இங்க பக்கத்து ஸ்கூலு. இனிமே ஓட முடியாது."

அவர் டீச்சரின் கைப்பேசியை வாங்கித் தன் பெயரை இரண்டு தடவை படித்தார். பிறகு வீட்டுக்குப் போய் மனைவியின் ஐசி, மச்சானின் ஐசி, பட்டறைப் பையன்களின் ஐசி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்.

எனக்குக் கதவு தட்டும் வேலை. என் தமிழ் அவர்களுக்கு வேடிக்கை. "உங்க தமிழு நாடகத்துல வர்ற தமிழு மாரி இருக்கு" என்பார்கள். வந்த புதிதில் காலையில் பக்கத்து வீட்டில், "பசியாறியாச்சா?" என்று கேட்டதற்கு, "எனக்குப் பசியே இல்லையே" என்று பதில் சொன்னவள் நான். காலை உணவு ஆயிற்றா என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்கள். இன்று அதே கேள்வியோடுதான் கதவைத் தட்டுகிறேன். பசியாறியாச்சா, ஐசி இருக்கா?

3

லெட்சுமி அக்கா எங்கள் மாடியில் கடைசி வீடு. அறுபதைத் தாண்டியவர். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து கீழே வந்து ஹாரன் அடிக்கும், அக்கா கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடுவார். கணவர் காலமாகிவிட்டார். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான்.

நாங்கள் சிநேகிதமானது சிவப்பு அட்டையால். நான் கடல் தாண்டி வந்தவள், எனக்குச் சிவப்பு அட்டை கிடைத்ததில் நியாயம் இருக்கிறது. அக்கா பிறந்தது பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா பால் மரம் வெட்டப் போன இடத்தில் வலி எடுத்து வீட்டுக்கு வந்து பெற்றாராம். யாரும் போய்ப் பிறப்பைப் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் இந்த நாட்டுப் பிள்ளை என்று எப்படி நிரூபிப்பது? வேறு நாடு எதையும் கண்ணால்கூடப் பார்க்காத லெட்சுமி அக்காவும் மயிலாடுதுறைக்காரியான நானும் ஒரே நிற அட்டையை வைத்திருந்தோம்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் அக்காவின் கணவர் போவார், பிறகு மகனும் போனான். அக்கா வீட்டில் இருந்து கோழிக் கறி வைப்பார். "ஓட்டு நாளுன்னா வீட்டுக்குக் காவல் நான்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஓட்டு இல்லாதது ஒரு குறை, அவ்வளவுதான். அவருக்கு அது ஓர் அவமானம்.

விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாகப் போட்டு, மலாய் மொழி நேர்காணலில் நாக்கு ஒட்டிக்கொண்டு, திரும்பப் போய், சாட்சிக்குத் தோட்டத்து ஆட்களைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வழியாக அவருக்கு நீல ஐசி கிடைத்தது. அன்று மாடி முழுக்கப் பாயசம். அட்டையைக் குத்துவிளக்குக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார். அட்டையில் பதித்த சிப்புக்குள் குங்குமம் போகாமல் ஸ்டெல்லா டீச்சர்தான் துடைத்து எடுத்தார்.

பட்டியலில் பெயரும் தாமதமாக வந்து ஏறியது. ஆனால் தேர்தல் அறிவித்த பிறகு பார்த்தால் ஓட்டு கிள்ளானில் இல்லை, பந்திங் பக்கத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இருந்தது. ஐசியில் அந்த முகவரியை அக்கா மாற்றவே இல்லையாம்.

"ஏன்க்கா மாத்தல?" என்றேன்.

"மாத்துனா ஃபைலு தொலைஞ்சிடும்னு சொன்னாங்க. அவ்ளோ கஷ்டப்பட்டு வந்த ஃபைலு. எதுக்கு வம்பு?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொன்னாங்க."

இனி மாற்ற முடியாது, அங்கே போய்த்தான் போட வேண்டும் என்று டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மழைக்காலம், போக்குவரத்து நெரிசல், அக்காவுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தோம். அக்கா முகம் மலர்ந்துவிட்டது.

"பொறந்தப்போ அங்கதானே என்னைப் பதியாம விட்டாங்க. அங்கயே போய்ப் போடுறேன். நல்லதா போச்சி."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

4

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷாமினிக்கு அந்தத் தேர்தல்தான் முதல் தேர்தல். அவளுக்கு நீல ஐசி பிறந்தபோதே எழுதிவைத்தது. நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இடையில் அவளுடைய அப்பா மலாயில் தொலைபேசியில் கத்திக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் இப்படித்தான் குடும்பம் நடக்கிறது.

"ஓட்டுக்குக் காலையிலேயே போயிடலாம், கூட்டம் இருக்காது" என்றேன் அவளிடம்.

"நான் போகலம்மா. எல்லாரும் சேம்தான் லா. ஒன் வோட்ல என்ன மாறிடும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒருத்தி அட்டைக்குக் குங்குமம் வைக்கிறாள், ஒருத்தி அதை வைத்துக் கதவுப் பூட்டை நெம்புகிறாள். உண்மையாகவே நெம்பினாள், ஒரு தடவை சாவியை மறந்துவிட்டு. சொல்லப்போனால் எனக்குப் பொறாமை. என் வயிற்றில் பிறந்தவளுக்கு என்னிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, அவள் அதை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறாள். மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை.

இதற்கிடையில் அக்காவுக்குச் சேலைப் பிரச்சினை வந்தது. கட்சிச் சின்னம் போட்ட உடையோடு ஓட்டுச் சாவடிக்குள் போகக் கூடாது. அதை யாரோ ஊதிப் பெருக்கிக் கட்சி நிறமே கூடாது என்று அக்கா காதில் போட்டுவிட்டார்கள். "சின்னம்தான் கூடாது, கலரு பரவால்ல" என்று டீச்சர் சொல்லியும் அக்கா கேட்கவில்லை. ஒரு மாலை முழுக்க அவர் வீட்டில் கட்டிலில் சேலைகளைப் பரப்பி உட்கார்ந்தோம். நீலம், அது ஒரு கட்சி. பச்சை, அது ஒன்று. சிவப்பு வேண்டாம். மஞ்சளுக்கும் சந்தேகம். வெள்ளையைக் கட்டினால் நல்ல நாளில் வெள்ளையா என்று அவரே ஒதுக்கிவிட்டார். நான் மறுநாள் கடையில் தேடி, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூனம் சேலையைக் கொண்டுவந்தேன். எங்களுக்குத் தெரிந்து எந்தக் கட்சிக்கும் கத்தரிப்பூ பிடிக்கவில்லை. என் தொழில் அறிவு ஜனநாயகத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

5

ஓட்டு நாள். காலையிலேயே மழை. அன்றைக்கென்று மின்தூக்கியும் நின்றுவிட்டது. சேகர் அங்கிளும் பட்டறை ஆட்களும் வயதானவர்களை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள், ஏற்றினார்கள். டீச்சர் குடையோடு படிக்கட்டில் நின்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் விடிந்ததும் ஓட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஷாமினி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பள்ளிக்குப் போகிறவர்களை முதலில் முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மேல் டீச்சர் தன் காடியில் லெட்சுமி அக்காவை பந்திங் கூட்டிப்போவது என்று ஏற்பாடு.

மதியம் அக்கா இறங்கி வந்தார். கத்தரிப்பூச் சேலை, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் பெரிய பொட்டு. "கல்யாணப் பொண்ணு மாரி இருக்கீங்க ஆன்டி!" என்று பட்டறை ஆட்கள் விசில் அடித்தார்கள். அக்கா வெட்கப்பட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தோம்.

பத்து விரலிலும் மருதாணி. பூப்போட்ட கோலம் இல்லை, பழைய மாதிரி, இலையை அரைத்து விரல் நுனிக்கு நகத்தோடு சேர்த்து வைத்த தொப்பி. ராத்திரி முழுக்கக் கட்டி வைத்திருக்கிறார். கொட்டைப்பாக்கும் தேயிலைச் சாறும் சேர்த்து அரைத்ததில் நன்றாகப் பிடித்து, கறுப்புக்குப் பக்கத்தில் போயிருந்தது நிறம்.

"அலமாக்!" என்றார் டீச்சர். "லெட்சுமி, என்ன செஞ்சி வெச்சிருக்கீங்க?"

"மொத மொதலா போறோம். வெறுங்கையோடவா போறது?"

ஊர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். நம் ஊரில் மை என்றால் நகத்தின் மேல் ஒரு கோடு. இங்கே இடது ஆள்காட்டி விரலின் நுனியையே நகத்தோடு சேர்த்துப் பூசிவிடுவார்கள், சரியாக மருதாணித் தொப்பி போடும் இடத்தில். பூசுவதற்கு முன் விரலில் ஏற்கெனவே கறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் ஓட்டுச் சீட்டு கிடையாது. அக்காவின் விரலைப் பார்த்தால் காலையிலிருந்து பத்து தடவை ஓட்டுப் போட்டவரின் கை போல இருந்தது.

டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பிறகு நடந்ததைப் பார்த்தால் சிரிப்பீர்கள், அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கு ஒரு மருந்தோடு ஓடி வந்தார்கள். நான் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து தேய்த்தேன். மேல் மாடி மலாய் அம்மா பற்பசை தந்தார். சேகர் அங்கிள் பட்டறையில் கிரீஸ் எடுக்கும் ஏதோ பசையைக் கொண்டுவந்தார். ஷாமினியை எழுப்பி நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வாங்கினேன். அவள் தூக்கக் கலக்கத்தோடு கீழே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆன்டி, ஹென்னா போகாது லா. நகம் வளந்து வெட்டுனாத்தான் போகும்."

அவள் சொன்னதுதான் சரி. எல்லாம் தேய்த்த பிறகு அழுக்கு போய், மருதாணி முன்பைவிடப் பளபளத்தது.

டீச்சர் யார் யாருக்கோ தொலைபேசியில் பேச முயன்றார், எல்லா எண்ணும் நிச்சயதார்த்த வீடு மாதிரி பேச்சில் இருந்தது. லெட்சுமி அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சேலை நனைவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இத்தன வருசம் அவங்க குடுக்கல. இன்னிக்கு அவங்க குடுக்குறாங்க, நானே என் கையால கெடுத்துக்கிட்டேன்" என்றார். குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன்.

டீச்சர்தான் குடையைப் படாரென்று மடக்கினார். "எந்திரிங்க. போய்க் கேப்போம். இல்லன்னு சொன்னா அவங்க சொல்லட்டும், நாம ஏன் மொதல்லயே சொல்லிக்கணும்?"

ஆனால் டீச்சரால் வர முடியவில்லை. மின்தூக்கி இல்லாமல் மாடியில் இன்னும் சிலர் காத்திருந்தார்கள். எங்கள் காடி நின்றது, ஓட்ட ஆளில்லை. நான் ஷாமினியைப் பார்த்தேன். காடியின் பின்னால் அவளுக்காக ஒட்டிய புது ஓட்டுநர் அட்டை இன்னும் இருந்தது.

"நான் டிரைவ் பண்றேன்" என்றாள் அவள். "பட் என்னை வோட் பண்ணச் சொல்லாதீங்க."

6

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் மழையும் லோரிகளும். தெலுக் பங்லிமா காராங்கில் நெரிசல் அசையவே இல்லை. அக்கா பின்னால் உட்கார்ந்து இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார், எங்களுக்கே காட்டக்கூடாது என்பது போல. தான் வேலை செய்யும் தொழிற்சாலையைக் கடந்தபோது, "இங்கதான் நானு" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் செம்பனை.

தமிழ்ப்பள்ளி வாசலில் நல்ல கூட்டம். இங்கே வரிசை வயதுப்படி. முதல் வகுப்பறை மிக மூத்தவர்களுக்கு, கடைசி அறை இளையவர்களுக்கு. முதல் தடவை ஓட்டுப் போட வந்த லெட்சுமி அக்கா, பல தேர்தல் பார்த்துத் தேய்ந்த கிழவர்களோடு முதல் அறை வரிசையில் போய் நின்றார். வாசலுக்கு இந்தப் பக்கம் நானும் ஷாமினியும். எங்களுக்கு உள்ளே வேலை இல்லை.

வரிசை நகர்ந்தது. கத்தரிப்பூச் சேலை உள்ளே போயிற்று. அக்காவுக்கு முன்னால் போனவர் வெளியே வந்தார். பின்னால் போனவரும் வந்தார். அக்கா வரவில்லை.

"அம்மா," என்றாள் ஷாமினி. "இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா ஆன்டி என்ன பண்ணுவாங்க?"

முழு வாக்கியத்தையும் தமிழில் கேட்டாள். கேட்டது அவளுக்கே தெரிந்திருக்காது. நான், "தெரியல" என்றேன். குடையின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த தேர்தலுக்கு இன்னும் எத்தனை வருஷம், அக்காவுக்கு அப்போது எத்தனை வயது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

அக்கா வெளியே வந்தார். மழையைப் பார்க்கவில்லை, தேங்கிய தண்ணீரையும் பார்க்கவில்லை. நேராக எங்களிடம் வந்து இடது கையைத் தூக்கிக் காட்டினார். மருதாணித் தொப்பிக்குக் கீழே, முதல் மூட்டு வரைக்கும் மை வழிந்திருந்தது. மற்ற விரல்கள் கருஞ்சிவப்பு, அது ஒன்று மட்டும் மேலே கருஞ்சிவப்பும் கீழே கறுப்புமாக.

காடியில் உட்கார்ந்ததும் அக்கா சொல்ல ஆரம்பித்தார்.

"மொதல்ல ஒரு பையன் இருந்தான். என் ஐசிய வாங்கி, எம்பேரையும் எங்கப்பா பேரையும் நம்பரையும் சத்தமா படிச்சான். அந்த ரூமுல இருக்கறவங்க எல்லாம் காகிதத்துல கோடு போட்டுக்கிட்டாங்க. எம்பேர யாரும் அவ்ளோ சத்தமா படிச்சதில்ல."

"மை?" என்றேன்.

"அதுதான். மை வெக்கிற பொண்ணு என் விரலப் பாத்திச்சி. என்னையப் பாத்திச்சி. நான் கைய முந்தானைக்குள்ள இழுக்கப் பாத்தேன். அது சிரிச்சிக்கிட்டே கேக்குது, 'மக்சிக், பாரு காவின் கே?'"

ஷாமினி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. 'புதுசா கல்யாணம் ஆச்சா ஆன்டி?' என்று மலாயில் கேட்டிருக்கிறாள். மலாய்க் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு இதே போல விரல் நுனியில்தான் மருதாணி வைப்பார்கள். இனாய் என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அது மை மாதிரித் தெரியவே இல்லை. நாங்கள் அரை மணி நேரம் எலுமிச்சம்பழமும் கிரீஸ் பசையும் போட்டுத் தேய்த்தது அவளுக்குக் கல்யாண மருதாணி.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஹரி இனிலா'ன்னேன்." இன்றைக்குத்தான் என்று. "அது பெரிய ஆபீசரைக் கூப்புட்டுச்சி. அவரு வந்து விரலத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பழைய மை இல்ல, இனாய்தான்னு சொல்லிட்டு, மருதாணி இல்லாத எடத்துலயும் சேத்துப் பூசச் சொல்லிட்டாரு. அதான் இவ்ளோ நேரம்." அக்கா விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உள்ள பேனா குடுத்தாங்க. பேருக்கு நேரா பெருக்கல் குறி போடணும். கோடு ரெண்டும் கட்டத்துக்குள்ளதான் இருக்கு. நல்லா பாத்துட்டுத்தான் மடிச்சேன்."

யாருக்குப் போட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேசையைத் தூக்க வேண்டியிருக்கும்.

திரும்பும் வழியில் ஷாமினி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். வண்டி போன வேகத்தை நான் கவனித்தேன், கண்டிக்கவில்லை. கிள்ளானுக்குள் நுழைந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் பக்கத்துப் பள்ளிப் பக்கம் திருப்பினாள். ஆறு மணிக்குச் சாவடி மூடுவார்கள். தெலுக் பங்லிமா காராங் நெரிசல் எங்களை விடுமா? நாங்கள் போய் நிற்கும்போது காவலர் வாசற்கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். "இப்பதான் சார், இப்பதானே!" என்று அவரிடம் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் சண்டை போட்டாள் என் பெண். அவர் கடிகாரத்தைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் புலம்பினாள். யாரோ அவள் பொருளைத் திருடிக்கொண்டு போன மாதிரி. எனக்கு அந்தப் புலம்பல் கேட்கக் கேட்க இனித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் மேசையில் அவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. பொறுமை கிடையாது, வருகிறவர்களை அதட்டுகிறாள், ஆனால் வந்துவிடுகிறாள்.

7

அக்காவின் விரலில் மை பல வாரம் இருந்தது. நகம் வளர வளர மருதாணியும் மையும் சேர்ந்தே மேலே ஏறின. நகம் வெட்டாமல் அதைக் காப்பாற்றினார். கேண்டீனில் மேலாளர் சத்தம் போட்ட பிறகுதான் வெட்டினார்.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு நானும் போய் நீல ஐசிக்கு விண்ணப்பம் கொடுத்தேன். அதுவரை கொடுக்காததற்குக் காரணம் இருந்தது. இது வந்தால் ஊர்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டு மயிலாடுதுறைக்கு விருந்தாளியாகப் போக வேண்டும். அதை நினைத்தாலே கசக்கும், இன்றும் கசக்கிறது. ஆனால் பள்ளி வாசலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றேன் பாருங்கள், அது அதைவிட அதிகமாகக் கசந்தது.

அலுவலகத்தில் அதிகாரி, சில வருஷம் ஆகும் என்று மலாயில் சொன்னார். எனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் பாசாரில், அதாவது சந்தையில், கற்றது. வாய் தன்னால், "போலே குராங்?" என்று கேட்டுவிட்டது. கொஞ்சம் குறைக்க முடியுமா? மீன்காரரிடம் கேட்பது போலவே கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இது பாசார் இல்ல, காக்" என்றார். அக்கா என்று அர்த்தம். விண்ணப்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, எப்போது கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். மொழி நேர்காணலுக்கு லெட்சுமி அக்காதான் எனக்குப் பயிற்சி கொடுக்கிறார். தான் தடுமாறிய கேள்விகளை எல்லாம் இப்போது அதிகாரி மாதிரி என்னைக் கேட்டு, நான் தடுமாறினால் அவருக்கு ஒரே சந்தோஷம்.

இந்தச் சித்திரைப் புத்தாண்டுக்கு அக்கா மருதாணி அரைத்தார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விரல் விரலாகத் தொப்பி போட்டார். வலது கை முடிந்தது. இடது கையில் கட்டைவிரல் முடிந்து, ஆள்காட்டி விரலைத் தாண்டி நடுவிரலுக்குப் போய்விட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து விரலை நீட்டிக் காட்டினேன்.

சுமதி விரல் கேட்டது அதற்குச் சில நாள் கழித்துத்தான். ஒன்பது விரல் சிவந்து, ஒன்று மட்டும் வெறுமையாக இருந்த என் கையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "ஒரு விரல் விட்டுப்போச்சே, வெச்சவங்ககிட்ட சொல்லலியா?" என்று உடனே கேட்டாள். சொன்னேனே சுமதி. நான் நீட்டிய விரலை அக்கா மெதுவாக மடக்கிவிட்டுச் சொன்னார்:

"இது கவர்மெண்டு பூசுற விரலு. நான் தொட மாட்டேன்."